வியட்நாமை ருசிக்கலாம் வாங்க: ஃபோ முதல் கோம் சாய் வரை!

வியட்நாம் டிரிப் பிளானா? எந்த வேளைக்கு என்ன சாப்பிடலாம் என்பதையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

ஹனோய் நகரில் காலை உணவு 'ஃபோ'. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சூப்பில் அரிசி நூடுல்ஸ். மதியம் 'பூன் சா': கரி அடுப்பில் சுட்ட பன்றி இறைச்சி, நூடுல்ஸ், கை நிறைய பச்சை இலைகள். 2016-ல் ஒபாமா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டது இதைத்தான். மாலையில் முட்டைக் காபி. 1946-ல் பால் தட்டுப்பாட்டின்போது, மஞ்சள் கருவை அடித்துச் சேர்த்ததில் பிறந்தது.

அடுத்து கிராமத்துப் பக்கம். ஹனோய்க்குத் தெற்கே, சுமார் 2 மணி நேரத்தில் நின் பின். வயலும் சுண்ணாம்புப் பாறை மலைகளும் சூழ்ந்த பகுதி. இங்கே ஆட்டுக்கறியும், காயவைத்த சோற்றுக் காந்தலைப் பொரித்த 'கோம் சாய்'யும் ஸ்பெஷல்.

வெஜிடேரியன்களே, உஷார்! சைவச் சாப்பாட்டுக்கும் 'கோம் சாய்' என்றுதான் பெயர். நம் காதுக்கு இரண்டும் ஒன்றே. போர்டில் 'ஏ' எழுத்தின் தலையில் சிறு கோடு இருந்தால் காந்தல் சோறு. அதன்மேல் பெரும்பாலும் கறிக்குழம்பு வரும். கோடு இல்லையென்றால் சைவம். காய்கறி வதக்கலில்கூட மீன் சாஸ் இருக்கலாம். அதனால் வாயால் கேட்காம, போனில் டைப் பண்ணிக் காட்டுங்க!