ஹண்டருக்கு ஏன் அவ்வளவு ஏச்சு?

2004 நவம்பரில் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் வந்தது. அதுக்கு முதல் இந்த வகை ஒன்லைன் கேம்களில் பெரிய பெயர் 1999இல் வந்த எவர்க்வெஸ்ட். அதில் தனியே போனால் பெரும்பாலும் சாவுதான்; செத்தால் சேர்த்த அனுபவப் புள்ளியும் குறையும். அதனால் தொடக்கத்திலேயே நாலு பேரோடு சேர்ந்து நிற்கப் பழகவேண்டி வந்தது. வோர்கிராஃப்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போதைய கடைசி லெவலான 60 வரை தனியாளாகவே போகலாம்.

அப்படிப் போக ஆகச் சுகமான கிளாஸ் ஹண்டர். பத்தாம் லெவலில் ஒரு மிருகத்தைப் பழக்கிவிடலாம். கரடியோ பன்றியோ முன்னுக்கு நின்று அடி வாங்கும், நீங்கள் தூர நின்று அம்பு விடலாம். நிலைமை மோசமென்றால் செத்த மாதிரி விழுந்து கிடக்கவும் பிறகு ஒரு வித்தை கிடைக்கும். 2019இல் கிளாசிக் வந்தபோது நானும் ஹண்டரைத்தான் எடுத்தனான்.

ஐந்து பேராகப் போகும் நிலவறையில்தான் சிக்கல். மிருகத்துக்கு உறுமல் என்றொரு திறன் இருக்கு. எதிரியைத் தன் பக்கம் இழுக்கும். தனியே நிற்கையில் உங்கள் உயிரைக் காத்தது அதுதான். குழுவில் அதே உறுமல், அடி வாங்கவென்றே வந்த போர்வீரனிடமிருந்து எதிரியைப் பிடுங்கும். மந்திரவாதி செம்மறியாக்கி ஒதுக்கிவைத்த எதிரியில் உங்கள் அம்பு ஒன்று பட்டால் போதும், அது பழைய உருவத்துக்கு வந்து பாயும். நேற்றுவரை கெட்டித்தனம், இன்றைக்குப் பிழை. "உறுமலை நிப்பாட்டு" என்று ஒருத்தர் எழுதினபோது எனக்கு ஒன்றும் விளங்கேல்லை. அந்தப் படத்தில் வலது கிளிக் பண்ணினால் சரி, அவ்வளவுதான். அதைச் சொல்லித்தர அதுவரை ஆள் இல்லை, கேமும் சொல்லேல்லை.

"ஹண்டார்ட்" என்று ஒரு வசைச்சொல்லே பிறந்தது. ஏச்சு விழவேண்டிய இடம் அந்தப் பாதை, விழுந்ததோ அதில் நடந்துவந்த புதுப் பெடியளின் தலையில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேலே போனதும் அதே கேம் ஹண்டரிடம்தான் கடுமையாகக் கேட்டது. 40 பேர் போகும் மோல்ட்டன் கோரில் மக்மடார் என்ற இரட்டைத்தலை நாய்க்கு வெறி ஏறினால், அதை அடக்கும் அம்பு ஹண்டரிடம் மட்டும்தான். பல ஹண்டர்கள் முறை வைத்து எய்யவேண்டும். ஒருத்தர் முறை தவறினால் முன்னுக்கு நிற்கிறவர் செத்துப்போவார். ரோக்டெலார் என்ற வில்லுக்கோ நாலு அசுரரை ஒவ்வொன்றாகத் தனியே வெல்லவேண்டும், வேறு ஆள் கைகொடுக்க ஏலாது. அதை முடித்த ஹண்டரை ஒருத்தரும் ஏசியிருக்கமாட்டார்கள்.

2020இல்தான் புது ஆட்களுக்கென்று எக்ஸைல்ஸ் ரீச் என்ற தொடக்கத் தீவு வந்தது. பத்தாம் லெவலைச் சுற்றியே ஒரு சின்ன நிலவறைக்குக் குழுவாக அனுப்பிப் பழக்குகிறார்கள். அதுக்குப் பதினாறு வருஷம் எடுத்திருக்கு.