ஆனையிறவு கடந்த வாணிகம்

ஈழத்தின் பழைய ஏற்றுமதிப் பொருள்களுள் யானையும் ஒன்று. வன்னிப் பெருநிலத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு அவை நீரேரியைக் கடந்த துறையே, பளைக்குத் தெற்கேயுள்ள ஆனையிறவு. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனியார், வன்னித் தலைவர்களிடம் யானைகளையே திறையாகப் பெற்றனர். காட்டிற் பிடிபட்டவை இத்துறை கடந்து, பச்சிலைப்பள்ளி வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தன. ஆங்கு கோல்கொண்டா முதலிய நாட்டு வணிகர் அவற்றை விலைகொண்டு மரக்கலமேற்றினர். ஆதாயம் கம்பெனியாருக்கு, உயிரைப் பணயம் வைத்த உழைப்போ வன்னி மக்களுடையது. குறித்த தொகையைச் செலுத்த இயலாது நிலுவை பெருகிற்று, பிணக்கும் வளர்ந்தது. 1782இல் ஒல்லாந்தர் வன்னிமீது படை நடத்தினர். அவ்வாணிகம் மறைந்துவிட்டது, அதற்கு வன்னி கொடுத்த விலையை ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது.