முகமும் உழைப்பும்: தோல் முதுமை பற்றிய 'முழுமை நோக்கு' - ஹேவாஹெட்ட மலைப்பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

முகத்தைப் பிடித்துவிடுவதன் மூலம் தோலின் முதுமையைத் தணிக்கலாம் என்னும் கருத்து அண்மைக்காலத்தில் நமது நாட்டிலும் பரவலாகப் பேசப்பட்டு வருவதை நாம் அவதானிக்கின்றோம். கண்டி நகரின் அழகு நிலையங்களிலும் சுற்றுலா விடுதிகளிலும் அது விலைக்குரிய சேவையாகவும் கிடைக்கின்றது. இக்கருத்தோடு தவறாது ஒட்டிவரும் தொடர் 'முழுமை நோக்கு' என்பதாகும். தோலை மாத்திரம் பாராது உணவு, உறக்கம், மனநிலை, மூச்சு என மனிதனை முழுமையாகக் கவனிக்க வேண்டும் என்பது அதன் பொருள். கோட்பாட்டளவில் இதனை மறுப்பதற்கு நமக்கு நியாயம் இல்லை. ஆயினும் இம்முழுமைக்குள் உறக்கம் இடம்பெறுகின்றது, உழைப்பு இடம்பெறுவதில்லை. விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை ஒருவர் எந்த வெயிலில், எவருக்காக, எத்தகைய கூலிக்குக் கழிக்கிறார் என்ற வினாவை விலக்கிவிட்டு அமையும் நோக்கு எவ்வாறு முழுமையானதாகும்? இவ்வினாவை ஹேவாஹெட்ட மலைப்பகுதியை முன்வைத்து எழுப்புவதே இக்குறிப்பின் நோக்கம்.

ஹேவாஹெட்டவை நாம் தேர்ந்தெடுப்பது தற்செயலன்று. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இப்பகுதியைச் சார்ந்தது. இலங்கையில் தேயிலை வணிகப் பயிரானமை அங்கிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முன்னரே கோப்பிக்காகத் திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து நம்மவர் இம்மலைகளுக்குக் கால்நடையாகக் கொண்டுவரப்பட்டிருந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் உழைப்பின் தன்மையையும் மாற்றிற்று. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதுமாயிருந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் மலையிலேயே நிற்கும் உழைப்பு, அதிலும் சிறப்பாகப் பெண்ணின் உழைப்பு, தேவைப்பட்டது. பெண்ணின் முகம் ஆண்டு முழுவதும் வெயிலுக்குரியதாக மாறிய வரலாற்றுத் தருணம் இதுவே எனலாம்.

தோலின் முதுமை இரு வழிகளில் நிகழ்வதாக மருத்துவ அறிவியல் கூறும். ஒன்று வயதின்வழி உள்ளிருந்து வருவது. மாதவிடாய் நின்ற பின்னர் முதல் ஐந்தாண்டுகளுள் பெண்ணின் தோல் தனது கொலாஜன் புரதத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை இழக்கின்றது. மற்றது புறத்தேயிருந்து வருவது: வெயிலின் புறஊதாக் கதிர், புகை, புகையிலை. இவற்றுள் முதலிடம் வெயிலுக்கே. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் இக்கதிரின் வலு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகின்றது. எனவே மலைநாட்டின் குளிர்ச்சி ஏமாற்றக்கூடியது. உடல் சூட்டை உணராத வேளையிலும் தோல் கதிரை வாங்கிக்கொண்டே இருக்கின்றது. கருநிறத் தோலின் மெலனின் ஓரளவு காப்பளிப்பதால் நம்மவரிடையே சுருக்கம் பிந்தியே தோன்றும். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் கரும்படலம் முந்திக்கொள்ளும். மங்கு என்று நம்மவர் கூறுவது இதனையே. ஐரோப்பிய முகத்தை அளவுகோலாகக் கொண்ட விளம்பரங்கள் சுருக்கத்தைப் பற்றியே ஓயாது பேசுவதால், நம் பெண்களின் முதுமை அவற்றின் கண்ணிற்படுவதேயில்லை.

தொழில் முகத்தில் எவ்வாறு பதிகின்றது என்பதற்கு மருத்துவ இதழொன்றில் 2012இல் வெளிவந்த ஒரு படம் சான்றாகும். சிக்காக்கோவில் 28 ஆண்டுகள் பொருள் விநியோக வண்டி ஓட்டிய 69 வயதான ஒருவரின் முகம் அது. வண்டியின் யன்னற்பக்கமாக அமைந்த இடப்பாதி தடித்து, ஆழமாகச் சுருங்கி, வலப்பாதியிலும் பல ஆண்டுகள் மூத்ததாகத் தோன்றுகின்றது. உண்ட உணவும் உறங்கிய உறக்கமும் பட்ட கவலையும் இரு பாதிகளுக்கும் பொதுவானவை. வேறுபட்டது வேலைசெய்யும் இடத்தில் வெயில் விழுந்த பக்கம் ஒன்றே.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெயிலுக்குக் காட்டாத பக்கமென ஒன்று இல்லை. விடியலில் பெரட்டுக்கு நிற்பதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும்வரை அவள் திறந்தவெளியிலேயே இருக்கின்றாள். மழைக்குக் கம்பளியும், செடி கிழிக்காதிருக்க இடுப்பில் படங்கும் கட்டியிருப்பாள். முகத்துக்குக் காப்பாவது தலையில் மடித்துப் போட்ட துணி மாத்திரமே. கூடையின் கயிறு தலைமீது அழுந்தி நிற்கும். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் புகைபோக்கியற்ற காம்பராவில் விறகடுப்பின் முன் மற்றொரு வேலை தொடங்கும். வெயிலும் புகையும் ஒரே நாளில் ஒரே முகத்தின்மீது மாறிமாறிச் செயற்படுகின்றன. இத்தனைக்கும் 1984ஆம் ஆண்டுவரை ஆணுக்குரிய கூலி அவளுக்கு வழங்கப்படவில்லை. இங்கு ஒன்றைக் குறிப்பிடாமற் செல்ல இயலவில்லை. தேயிலைச் செடி மரமாகி முதிர்ந்துவிடாதிருக்கச் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, உரமிட்டு, புதுத்தளிர் வரும்வரை ஓய்வு கொடுக்கின்றனர். செடியின் இளமையைப் பேணுவதற்குத் தோட்டக் கணக்கில் ஒரு செலவு உண்டு. பறிப்பவளின் இளமைக்கு அவ்வாறொரு செலவு எழுதப்பட்டதில்லை. உழைப்பாளியின் ஆயுளைக் குறுக்கியே மூலதனம் உழைப்பு நேரத்தை நீட்டுகின்றது என்று வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் காட்டியதை, தோலின் அளவில் நாம் இங்கு காண்கின்றோம்.

இனி எண்ணெயும் பிடிப்பும் பற்றி நோக்குவோம். இவை நமக்குப் புதியனவல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் எனப்படும் முறை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் முதலாக ஒன்பது வகைப்படும். நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கு வேண்டும் என்பது தேரையர் பெயரால் வழங்கும் விதி. வடமொழியில் வாக்படரின் அட்டாங்க இருதயம் எண்ணெய் தேய்த்தலை நாள்தோறும் செய்யச் சொல்வதோடு, அது முதுமையையும் களைப்பையும் வாதத்தையும் நீக்கும் என்றும் கூறுகின்றது. சிறப்பாக எங்கே தேய்க்க வேண்டும் என அந்நூல் குறிப்பிடும் இடங்கள் மனங்கொள்ளத்தக்கவை: தலை, காது, பாதம். முகம் அங்கே தனித்துச் சுட்டப்படவில்லை. முதுமையும் களைப்பும் ஒரே மூச்சில் கூறப்படுகின்றன. உடல் தேய்வதும் உடல் முதிர்வதும் ஒரு நிகழ்வின் இரு பக்கங்கள் என்ற உணர்வு அதிலே தொனிக்கின்றது. கூடைக்கயிறு அழுந்திய தலையும் மலையேறி வெடித்த பாதமுமாக மாலையில் திரும்பும் பெண்ணுக்கு இம்மூன்று இடங்களுள் இரண்டு எவரும் சொல்லித்தராமலே தெரிந்தவை.

இம்மரபைப் போற்றும்போது அதன் சமூக அடித்தளத்தை மறந்துவிடலாகாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் யார், தேய்த்துவிட்டவர் யார் என்ற பிரிவினை நமது சமுதாயத்தில் சாதியோடு பிணைந்தே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்த குழந்தைக்கும் எண்ணெயிட்டு உருவிவிடும் கைத்திறன் நாவிதர் குலப் பெண்களிடமும் ஊர் மருத்துவச்சிகளிடமும் இருந்தது. அறிவு அவர்களுடையது, மதிப்பு அவர்களுக்கில்லை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் பயன்பட்டதை இளங்கோவடிகள் எண்ணிக்கை பிசகாது கூறுகின்றார். அவற்றை இடித்து ஊறவைத்த கைகளைப் பற்றி அங்கு நாம் எதையும் அறிவதில்லை.

மணிமேகலை நமக்கு இன்னும் நெருக்கமான சான்றைத் தருகின்றது. காயசண்டிகை வடிவில் நிற்கும் மணிமேகலை, தன்மீது காதல் கொண்ட உதயகுமாரனுக்கு நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி, கூந்தல் தொடங்கி உறுப்புறுப்பாக அவளது உடல் எவ்வாறு மாறிவிட்டது என விளக்குகின்றாள். தமிழ் இலக்கியத்தில் முதிர்ந்த முகத்தை இத்துணை நுணுக்கமாக நோக்கிய பகுதிகள் அரியவை. பயன்பட்டதோ இளவரசனுக்கு நிலையாமையைப் புகட்டுவதற்கு மாத்திரமே. அம்மூதாட்டிக்குப் பெயரில்லை, அவள் என்ன தொழில் செய்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள், அன்று உண்டாளா என எவரும் கேட்கவில்லை. அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரமும் இப்போக்கிற்குப் புறம்பானதன்று. முதுமையை இயற்கையின் பொதுவிதியாகக் காட்டும் அறநூற் பார்வை, அவ்விதி எல்லார்மீதும் ஒரே வேகத்தில் செயற்படுவதில்லை என்ற உண்மையை மறைத்துவிடுகின்றது. விளம்பரம் முதுமையைத் தனிமனிதக் கவனக்குறைவு என்கின்றது. அறநூல் அதனை ஊழ் என்கின்றது. இரண்டிலும் உழைப்புக்கு இடமில்லை என்பதே நாம் இங்கு அழுத்த விரும்புவது.

முகம் உடலிலிருந்து பிரிந்து தனிப்பண்டமானது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். எலிசபெத் ஆர்டன் நியூயோர்க்கில் தமது நிலையத்தைத் திறந்தது 1910இல். நகரத்து நடுத்தர வர்க்கப் பெண் வேலைக்கும் பொதுவெளிக்கும் வந்த காலம் அது. அவளது முகம் சந்தையில் மதிப்பிடப்படும் ஒன்றாயிற்று. அதன் பயனைப் பற்றிய அறிவியற் சான்று இன்றுவரை மெலிந்ததே. நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட முகத்தசைப் பயிற்சி ஆய்வில் 40 முதல் 65 வயதுவரையான 27 பெண்கள் தொடங்கி 16 பேரே நிறைவுசெய்தனர். 20 வாரங்களின் பின் அவர்களது தோற்ற வயது சராசரியாக 50.8இலிருந்து 48.1ஆகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இருக்கவில்லை. பிடித்துவிடுதல் இரத்தவோட்டத்தைத் தற்காலிகமாகக் கூட்டும், வீக்கத்தைத் தணிக்கும், மனத்துக்கு ஆறுதல் தரும். வெயில் செய்த அழிவை அது மீட்டுத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

முற்போக்காளரிடையே இத்தகைய விடயங்களை 'பூர்ஷ்வா அலங்காரம்' என எள்ளி ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நாம் அதற்கு உடன்படோம். மங்கு படர்ந்த தன் முகத்தைக் கண்ணாடியிற் பார்த்து வருந்தும் தோட்டப் பெண்ணின் வருத்தம் போலிப் பிரக்ஞை அன்று. அவ்வருத்தத்தைத்தான் இரசம் கலந்த வெளுப்புக் களிம்பு வணிகர் காசாக்குகின்றனர். அழகுப் பொருள்களில் ஒரு மில்லியன் பங்கிற்கு ஒரு பங்கிற்கு மேல் இரசம் கூடாதெனப் பன்னாட்டு உடன்படிக்கை 2013இல் விதித்தமை இவ்வணிகத்தின் பரப்பைக் காட்டும். தன் உடல் தொட்டுப் பேணப்பட வேண்டும் என்ற விருப்பம் எல்லா வர்க்கத்தாருக்கும் உரியது. தோட்டத்தில் அதற்கென இருந்த நாள் தீபாவளி. அன்று காலையில் தலைமுதல் கால்வரை எண்ணெய் வைத்து முழுகுவதற்கான செலவு, தீபாவளி முற்பணமாக நிர்வாகத்திடம் பெறப்பட்டு, பின்வந்த மாதங்களின் கூலியிற் கழிக்கப்பட்டது. நான்கு நாளுக்கொருமுறை என்ற மருத்துவ விதி ஆண்டுக்கொருமுறையாகச் சுருங்கியதும், அதுவும் கடனில் நிகழ்ந்ததும் கூலி வரலாற்றின் பகுதியன்றி வேறில்லை. நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021வரை காத்திருக்க வேண்டியிருந்ததை வாசகர் அறிவர்.

முகத்தைப் பார்த்து வயது சொல்வதற்கு மலையகத்தில் வேறொரு பொருளும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தினாலும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எண்ணிப் பங்கிட்ட 1964இன் ஒப்பந்தத்தினாலும் ஆவணமே வாழ்வாகிப்போன சமூகம் இது. பிறப்புப் பதிவில்லாதோருக்கென அனுமான வயதுச் சான்றிதழ் என ஒன்று வழங்குகின்றது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் 50 வயதில் பெறலாம். ஐம்பதைத் தாண்டிய முகமும் ஐம்பதைத் தாண்டாத கடதாசியும் ஒருத்திக்கே உரியவையாக இருக்கக்கூடும். அத்தகையவள் மேலும் சில ஆண்டுகள் கூடை சுமப்பாள்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தார். கைகளின் அறிவு அவ்வாறு தொகுக்கப்படவில்லை. ஹேவாஹெட்ட, தெல்தோட்டைப் பகுதிகளில் பிள்ளைப்பேற்று எண்ணெய் காய்ச்சிய, உருவிவிட்ட முதியவளர் இன்னும் சிலரேனும் உளர். எந்த எண்ணெய், எந்த இலை, எத்தனை நாள், எந்தச் சொல்லால் அதனை அழைத்தனர், அதற்கு என்ன பெற்றனர் என்பனவற்றை அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்யும் பணியை நமது சங்க மாணவர் ஒரு விடுமுறைக் காலத்திலேனும் தொடங்கலாம். கண்டியிலிருந்து பேருந்தில் சென்று அன்றே திரும்பிவிடக்கூடிய தூரம்தான்.