தோட்டத்து உபதேசியாரும் வேதப்புத்தகமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கற்கோவில்களிலிருந்தே தொடங்கியிருக்கின்றனர். நுவரெலியாவில் 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயமும், டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி கிறிஸ்து ஆலயமும், புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயமும் இன்று சுற்றுலாக் கையேடுகளில் இடம்பிடித்துள்ளன. ஆயினும் அவை முதன்மையாகத் தோட்டத் துரைமாரும் அவர்களது குடும்பத்தினரும் ஆங்கிலத்தில் வழிபடுவதற்காகக் கட்டப்பட்டவை. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாட விசுவாசம் வளர்ந்த இடம் வேறு. லயம் எனப்படும் வரிசை வீடுகளின் ஒற்றை அறைகளிலும், பகலில் பள்ளிக்கூடமாக இருந்த தகரக் கொட்டகைகளிலும், உபதேசியாரின் பையில் இருந்த சில நூல்களைச் சுற்றியே அது வளர்ந்தது. அந்த நூல்களின் கதையை அறியாமல் மலையகக் கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைநோய்க்குப் பின் தேயிலைக் காலத்திலும் தொடர்ந்து, தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து, ஆள்சேர்ப்பவரான கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்களுள் மிகப் பெரும்பாலானோர் மாரியம்மனையும் முருகனையும் தத்தம் குலதெய்வங்களையும் வணங்கியவர்கள். அவர்களிடையே சிறு தொகையினராகத் திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தச் சபையாரும், மதுரை, தஞ்சை, திருச்சிப் பகுதிகளின் கத்தோலிக்கரும் இருந்தனர். இவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. 1820 முதல் 1838 வரை பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ் ஐயரின் காலத்திலிருந்து, திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களில் ஜெபவீடு ஒன்றைக் கட்டி, மாலையில் மணி அடித்து, ஊரார் கூடி வேதபகுதி கேட்டு மன்றாடும் ஒழுங்கு வேரூன்றியிருந்தது. அந்த ஒழுங்கு மன்னார் வழியாகவும் மாத்தளைப் பாதை வழியாகவும் மனிதரோடு சேர்ந்தே மலையேறிற்று. ஆகவே மலையகத்தில் கிறிஸ்தவத்தை முதலில் நட்டவர்கள் மிஷனெரிகள் என்பதைவிட, பெயர் பதியப்படாத கூலித் தொழிலாளரே என்று கொள்வதே பொருத்தம்.

1854இல் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் தமிழ்க் கூலி மிஷன் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. கோப்பித் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியும் பணமும் அதற்கு அடித்தளமாக இருந்தன. திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழ் கற்றிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதன் முதல் மேற்பார்வையாளரானார். ஒரு மேற்பார்வையாளர் நாடெங்கும் சிதறிக் கிடந்த தோட்டங்களை ஆண்டுக்கு ஓரிரு முறை சுற்றிவருவதே அரிதாகையால், அன்றாடப் பணி முழுவதும் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களின் தோளிலேயே விழுந்தது. உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாதவர். திருமுழுக்கோ நற்கருணையோ கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. வேதம் வாசித்தல், விளக்குதல், பாட்டுக் கற்பித்தல், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல், நோயாளியின் பக்கத்தில் இருந்து ஜெபித்தல், குருவானவர் வந்து சேராத வேளையில் அடக்க ஆராதனையை நடத்துதல் ஆகியவை அவருடைய வேலைகள். ஒவ்வொருவருக்கும் பல தோட்டங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1884இல் புகையிரதம் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பின்னரும், நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு அவர் நடந்தே செல்லவேண்டியிருந்தது.

தோட்டத்தின் மணிக்கணக்கே அவருடைய பணியின் மணிக்கணக்கையும் வகுத்தது. விடியுமுன் தப்பு ஒலித்ததும் தொழிலாளர் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்களை எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் திடலில், கூடினர். துரை இசைந்தால் அந்தக் கூட்டத்திலேயே சில நிமிடங்கள் வேதவசனம் சொல்லப்பட்டது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். கொழுந்து நிறுத்து முடித்துப் பெண்கள் லயம் திரும்பிச் சமைத்த பிறகே, இரவில், வீட்டு ஜெபம். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் ஞாயிறும் வேலைநாளாகிவிடும் என்பதால், வாரத்தில் ஒருநாள் ஆலயம் செல்வதை மட்டும் நம்பியிருந்த பக்தி தோட்டத்தில் நிலைத்திருக்க முடியாது. மலையகக் கிறிஸ்தவம் இரவு ஜெபத்தின் கிறிஸ்தவமாக உருவானதற்கு இதுவே முதற் காரணம்.

துரைமாரின் பணத்தில் இயங்கிய மிஷன் துரைமாருக்கு அடங்கிய தொழிலாளரையே வளர்த்தது என்ற குற்றச்சாட்டு வரலாற்றாசிரியரிடையே உண்டு. அதில் உண்மையும் உண்டு. தோட்டத்துக்குள் நுழையும் அனுமதி துரையின் கையில் இருந்தபோது, கூலியையும் கங்காணியின் கடன் கணக்கையும் பற்றி உபதேசியார் வாய்திறப்பது எளிதாக இருந்திருக்காது. எனினும் எழுத்தறிவு ஒருமுறை கைவந்த பின், அதைக் கொண்டு எதை வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தத் துரையிடமும் இருக்கவில்லை. துண்டு எனப்பட்ட கடன் சீட்டையும், செக்ரோல் எனப்பட்ட வேலைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே விழுந்த புள்ளியையும் வாசிக்கத் தெரிந்த தொழிலாளி, சுவிசேஷம் வாசிக்கக் கற்ற அதே எழுத்துக்களால்தான் அவற்றையும் வாசித்தான். இதை மிஷனின் நோக்கத்துக்குள் அடங்காத விளைவு என்றே மதிப்பிட வேண்டும்.

உபதேசியாரின் பையில் இருந்த நூல்களுள் முதன்மையானது வேதாகமம். தமிழில் புதிய ஏற்பாடு சீகன்பால்குவின் முயற்சியால் 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்றது. இலங்கையிலும் ஒல்லாந்தர் காலத்திலேயே, கொழும்பில் பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவலின் தலைமையில் ஆறுமுக நாவலர் துணைநின்று உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. ஆனால் இலங்கை மண்ணில் பிறந்த இவ்விரண்டும் தோட்டங்களில் வேர்கொள்ளவில்லை. உபதேசியார்களும் தொழிலாளரும் திருநெல்வேலியின் வாசிப்பு மரபோடு பிணைந்திருந்ததால், அங்கே எது வழங்கியதோ அதுவே மலைக்கும் வந்தது. ஹென்றி பவர் தலைமையில் பல சபைகளின் பிரதிநிதிகள் கூடித் திருத்தி 1871இல் முற்றுப்பெற்ற மொழிபெயர்ப்பே லயத்து வேதப்புத்தகம் ஆயிற்று. செம்மையான மொழிபெயர்ப்புகள் பின்னர் பல வந்தபோதும், செவியில் பதிந்த பவர் திருப்புதலின் நடையை மலையகச் சீர்திருத்தச் சபைகள் இன்றளவும் விட்டுவிடவில்லை. முழு வேதாகமம் கூலித் தொழிலாளிக்கு எளிதில் எட்டாத பொருளாகையால், ஒரு சுவிசேஷத்தை மட்டும் கொண்ட சிறு பிரதிகளும் சங்கீதப் புத்தகமும் அதிகம் புழங்கின.

வேதாகமத்துக்கு அடுத்த இடம் கீர்த்தனைப் புத்தகத்துக்கு உரியது. வாசிக்கத் தெரியாத பெரும்பான்மையினரின் நிலையிலிருந்து நோக்கினால் முதலிடமே அதற்கு உரியது எனலாம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலிய புலவர்கள் கர்நாடக இசையமைப்பில் இயற்றிய பாடல்களை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தொகுத்து அச்சிட்ட பின்னர், சபை வேறுபாடின்றி அவை தமிழ்க் கிறிஸ்தவர் அனைவரின் பொதுச் சொத்தாயின. அப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கூர்ந்து நோக்கினால் அதன் பயன் விளங்கும். பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருக்கும். கீழே பல்லவி, அனுபல்லவி, எண்ணிட்ட சரணங்கள். தலைமை தாங்குபவர் சரணத்தின் ஓர் அடியைப் பாட, கூடியிருப்போர் அதைத் திருப்பிப் பாடி, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்புவர். இம்முறையில் எழுத்தறியாத ஒருவர் சில வாரங்களில் முழுப் பாட்டையும் மனத்தில் நிறுத்திக்கொள்ள முடியும். கிறிஸ்துவின் பிறப்பும் பாடும் உயிர்த்தெழுதலும் வேதபகுதிகளாக நினைவில் நிற்பதற்கு முன்பே சரணங்களாக நினைவில் நின்றன. மாரியம்மன் தாலாட்டும் காமன் கூத்தும் இரவெல்லாம் ஒலித்த தோட்டத்தில், கஞ்சிராவும் தாளமும் சேர்ந்த கீர்த்தனை அயலாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதும் கருதத்தக்கது.

மூன்றாவது நூல் வினாவிடை. ஞானோபதேசத்தின் அடிப்படைகளைக் கேள்வியும் பதிலுமாக அமைத்த இச்சிறு நூல், உபதேசியார் கேட்க, பிள்ளைகளும் பெரியவர்களும் ஒருமித்துச் சொல்லும் வகையில் எழுதப்பட்டது. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகியவற்றை மனப்பாடமாக ஒப்புவித்தவருக்கே திடப்படுத்தல் கிடைத்தது. இம்முறையைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று பிற்காலக் கல்வியாளர் பழித்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்து, குப்பி விளக்கின் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த சூழலில், இருட்டிலும் கையாளக்கூடிய ஒரே நூல் நினைவில் இருந்த நூல்தான் என்பதை அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், உபதேசியாரோ வாசிக்கத் தெரிந்த பிள்ளையோ வாசிக்கும் பகுதி, மனப்பாட வசனம், மன்றாட்டு, கர்த்தருடைய ஜெபம் என்ற ஒழுங்கில் அமைந்த வீட்டு ஜெபத்தில், வாசிப்பு ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் வெளிச்சம் இல்லாமலே நடக்கக்கூடியவை.

கத்தோலிக்கரின் வழி சற்று வேறானது. அங்கு வேதாகமத்தைவிடச் செபமாலையும் செபப்புத்தகமுமே வீட்டுப் பக்தியின் மையமாக இருந்தன. ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிகளில் மறைவாகப் பணிபுரிந்த ஜோசப் வாஸ் அடிகளாரின் தோழரும் 1742இல் மறைந்தவருமான யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார், சிங்களத்திலும் தமிழிலும் பக்தி நூல்கள் இயற்றியவர். ஆண்டவரின் பாடுகளை இராகத்தோடு வாசிக்கும் வகையில் அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழில் ஒப்புக்கொடுக்கப்பட்டு, வேதவாசிப்பு பொதுநிலையினரின் கைக்கு வந்தபோது, இரு மரபுகளும் முதன்முறையாக நெருங்கின. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த நெருக்கத்தின் கனியாகும்.

1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அதன்படி குடும்பங்கள் பிரிந்து நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் சென்றபோது, ஜெபக்கூட்டங்களும் பிளவுண்டன. தலைமை தாங்கிப் பாடியவர் போய்விட்ட லயங்களில் கீர்த்தனை நின்றுபோயிற்று. இக்காலத்தில்தான் வேதவாசிப்பு புதிய கேள்விகளையும் எதிர்கொண்டது. 1958இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை வேதத்தைத் தொழிலாளரின் உரிமையோடு இணைத்து வாசித்தது. 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்களின் வாழ்வுரிமையைத் தன் பணியின் நடுவில் வைத்தது. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் விடுதலை வரலாறு, பெரட்டுக்கு அஞ்சி எழுந்த மக்களுக்குப் புதிதாகப் பொருள்படத் தொடங்கியது. துரைமாரின் தயவில் இயங்கிய பழைய உபதேசம் எட்டாத இடத்தை இந்த வாசிப்பு எட்டியது. 1963இல் பிலிமத்தலாவையில் பல சபைகள் கூடி நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றுவித்ததும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

உபதேசியாரின் இடத்தை ஓரளவு வானொலி நிரப்பியது. இலங்கை வானொலியில் ஒலித்த சத்தியவசனம் போன்ற நிகழ்ச்சிகள் டிரான்சிஸ்டர் பெட்டி வழியே லயங்களுக்குள் வந்தன. நாளொன்றுக்கு ஒரு பகுதியாக வேதத்தை வாசிக்க உதவும் தியானச் சிற்றிதழ்கள் தபாலில் வந்தன. இன்று கைப்பேசியில் முழு வேதாகமமும் ஒலிவடிவில் கிடைக்கிறது. கேட்டு அறியும் பழைய முறைக்கு இது ஒருவகையில் திரும்புதலே. ஆயினும் ஒருவர் பாட மற்றவர் திருப்பிப் பாடும் கூட்டு நினைவை எந்தக் கருவியும் தானாக உண்டாக்காது என்பதை இன்றைய ஊழியர்கள் மறந்துவிடலாகாது.

உபதேசியார்களின் நாட்குறிப்புகளும், கைப்படப் பெயர்த்தெழுதிய பாட்டுக் கொப்பிகளும், பிறப்பும் இறப்பும் குறித்துவைத்த குடும்ப வேதாகமங்களும் மலையகத்தின் ஈரத்தில் ஆண்டுதோறும் அழிந்துவருகின்றன. அவற்றை வைத்திருக்கும் குடும்பங்களும் சபைகளும், நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிமக் காப்பகங்களிலோ பிலிமத்தலாவைக் கல்லூரி நூலகத்திலோ ஒரு படியையேனும் சேர்ப்பிக்க இப்போதே முன்வர வேண்டும்.