முழவேந்திய பெண்கள்: சிலிற்ஸ் குழு பற்றிய ஒரு நோக்கு

சாட்டியிற் பிறந்து வளர்ந்த எனக்கு முழவொலி புதியதன்று. திருவிழாக் காலங்களில் வீதியிலே தவில் முழங்க, அதன் பின்னே நடந்து வளர்ந்தவன் நான். ஆயினும் தவிலைத் தோளில் மாட்டி நின்ற பெண்ணொருத்தியை ஒரு நாளும் கண்டதில்லை. இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒன்றுவிட்ட தமக்கையார் ஒரு மாலை சாட்டிக் கடற்கரையிலே தமது கைப்பேசியிற் பழைய ஒலிப்பதிவொன்றைக் கேட்பித்தார். கடற்காற்றையும் மேவி எழுந்த அம்முழக்கத்தை எழுப்பியவர் ஒரு பெண் என்று அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட வியப்பே இக்கட்டுரைக்கு வித்து.

'சிலிற்ஸ்' என்னும் அப்பெண்கள் குழு 1976ஆம் ஆண்டு இலண்டனிலே தோன்றியது. பங்க் எனப்படும் இசை அப்பொழுது அந்நகரிலே தலையெடுத்துக்கொண்டிருந்தது. கிற்றாரிலே இரண்டு மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தவன் எவனும் மேடையேறலாம் என்பது அதன் துணிபு. 'தெரிந்தவன்' என்பதன் ஆண்பால் விகுதியை மாத்திரம் எவரும் பெரிதாக ஐயுறவில்லை. அதனை ஐயுற்றவர்கள் இப்பெண்களே. பாடகியாகிய அரி அப்புக்கு அப்போது வயது பதினான்கு. முழவை ஏற்றவர் ஸ்பானிய நாட்டவரான பலோமா ரொமேறோ. அவருடைய பெயரைக் 'கிளாஷ்' குழுவைச் சேர்ந்த போல் சிமனன் பிழையாக விளங்கிக்கொண்டமையால், ஒரு சவர்க்காரத்தின் பெயராகிய 'பால்மொலிவ்' என்பதே வரலாற்றில் அவருக்கு நிலைத்துவிட்டது! விவ் அல்பேட்டீனும் ரெசா பொலிற்றும் பின்னர் வந்து சேர்ந்தனர். 1977 மார்ச்சில் மேடையேறிய இவர்கள், அவ்வாண்டிலேயே கிளாஷ் குழுவினரின் இசைப்பயணத்திலும் இடம்பெற்றனர்.

பால்மொலிவின் வாசிப்பைக் கேட்டோர் அதனை எளிதில் மறவார். ஒழுங்காகக் காலங்காட்டும் உலோகத் தாளத்திலும் பார்க்கத் தோல்முழவுகளையே அவர் பெரிதும் நம்பினார். பாட்டு ஓட, முழவு அதனைத் துரத்துகிறது; சில இடங்களில் முந்தியும் விடுகிறது. இதனைப் பயிற்சிக் குறைவு என்று தள்ளிவிடுவோர் உளர். பயிற்சி குறைவென்பது உண்மையே. ஆனால் பிறர் வகுத்த நடையைக் கற்று முடிக்கும்வரை காத்திராமையாலன்றோ அப்புதிய நடை பிறந்தது!

இங்கே வரலாறு எழுதுவோர் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. குழுவின் முதல் இசைத்தொகுதியாகிய 'கட்' 1979ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. பால்மொலிவ் 1978இலேயே விலகிவிட்டார். எனவே அத்தொகுதியில் ஒலிப்பது பட்ஜி என்னும் ஆடவரின் முழவு. பார்படோசிற் பிறந்த டெனிஸ் போவெல் றெக்கே இசையின் நுட்பங்கொண்டு அமைத்த அத்தொகுதி சிறந்ததே, குறைகூற ஒன்றுமில்லை. சேறு பூசிய மேனியராய் அவர்கள் தோன்றும் அதன் அட்டைப்படம் பற்றி எழுந்த பேச்சு இசையைப் பற்றிய பேச்சிலும் மிகுந்துவிட்டது என்பதே என் மனக்குறை. எனினும், 'கட்'டை மாத்திரம் கேட்டு இக்குழுவை மதிப்பிடுபவர் 1977இன் சிலிற்ஸை அறியார். ஜோன் பீல் என்னும் பி.பி.சி. ஒலிபரப்பாளரின் நிகழ்ச்சிக்காக 1977இலும் 1978இலும் செய்யப்பட்ட பதிவுகளே அதற்குச் சான்று. பால்மொலிவ் அடுத்துச் சேர்ந்த 'ரெயின்கோற்ஸ்' குழுவின் 1979ஆம் ஆண்டுத் தொகுதியிலும் அவரது கையைக் கேட்கலாம். சிலிற்ஸ் 1982இற் கலைந்து, 2005இல் மீண்டும் கூடிற்று. அரி அப் 2010இல் நாற்பத்தெட்டாவது வயதிற் காலமானார்.

பெண்ணும் முழவும் என்ற இவ்வினா இலண்டனுக்கு மாத்திரம் உரியதன்று. நம்மிடையே அது சாதியோடும் பின்னியது. யாழ்ப்பாணத்திலே பறையடித்தல் ஒடுக்கப்பட்டோர்மீது கடமையாகத் திணிக்கப்பட்டது. ஆகவே அதனைக் கைவிடுதலையே விடுதலையெனக் கொண்டோர் பலர். அவர்கள் செயல் நியாயமானதே. தமிழகத்துத் திண்டுக்கல்லிலோ வேறொரு வழி திறந்தது. அருட்சகோதரி சந்திரா 1990களிலே அங்கு உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைத் தாமே விரும்பி ஏந்தினர். இறந்தவர் வீட்டு வாசலில் ஆடவர்க்கு விதிக்கப்பட்டிருந்த கருவி, பெண்களின் கையில் அரங்குக்கு வந்தது. பறையைத் தோளில் மாட்டி, அடவு பிடித்து ஆடிக்கொண்டே அடிக்கின்றனர் அவர்கள். இலண்டன் பெண்கள் பயிற்சியின்மையைத் துணையாகக் கொண்டனர். இவர்களோ கடும் பயிற்சியால் இறுகிய ஒழுங்கினர். இசைநெறியில் இருவரையும் ஓரினமென்று சொல்ல நான் முற்படேன். ஆனால் திண்டுக்கல்லின் பறையை ஒளிப்பதிவிற் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது சாட்டிக் கடற்கரையிற் கேட்ட அந்த 1977ஆம் ஆண்டு முழக்கமே.