டாலரை உருக்கிய ரூபாய்: 1918-ன் வெள்ளியும் அரிய ஆண்டு நாணயங்களும்

ஏரியூரில் அத்தை வீட்டு மரப்பெட்டியில் ஒரு காசுமாலை இருக்கிறது. ஏழு வெள்ளி ரூபாய்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கொக்கி பற்றவைத்த தழும்பு. ஐந்தில் ஐந்தாம் ஜார்ஜின் தலை, ஆண்டு 1918 அல்லது 1919. பின்புறத்து அடிப்பூவின் கீழே மிகச் சிறிய புள்ளி இருந்தால் பம்பாய் அச்சகம், இல்லையேல் கல்கத்தா. இந்த இரண்டு ஆண்டுகளையும் சேகரிப்போர் பெரிதாக மதிப்பதில்லை. அவ்வளவு ஏராளமாக அச்சிட்டார்கள். அதற்கான வெள்ளி எங்கிருந்து வந்தது என்று தேடினால், அமெரிக்க டாலரில் போய் நிற்கிறோம்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டன் இந்தியாவில் சரக்குகளை வாங்கிக் குவித்தது. விலையை ரூபாயில் கொடுத்தாக வேண்டும். மக்களோ காகிதத்தை நம்பவில்லை. 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தும் வெள்ளிக்கான நெருக்கடி குறையவில்லை. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்களால் அரசின் இருப்பு வற்றத் தொடங்கியது. அந்த வேளையில் அமெரிக்காவின் நெவாடா மாநில செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் 1918 ஏப்ரல் 23-ல் நிறைவேறியது. அதன்படி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரில் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி, ஒரு ரூபாயில் 10.7 கிராம். என் கணக்கில் அது 58 கோடி ரூபாய்க்கான வெள்ளி.

எந்த ஆண்டு, எந்த அச்சக நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அமெரிக்க நாணயவியலின் பெரிய புதிர் இதுதான். ஜார்ஜ் மார்கன் வடிவமைத்த டாலர் 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் வந்தது. பின்புறத்தில் கழுகின் கீழே ‘ஓ’ இருந்தால் நியூ ஆர்லியன்ஸ், ‘எஸ்’ என்றால் சான் பிரான்சிஸ்கோ, ‘சிசி’ என்றால் கார்சன் சிட்டி. குறியே இல்லையென்றால் பிலடெல்பியா. 1903-ல் நியூ ஆர்லியன்ஸில் 44 லட்சத்துக்கும் மேல் அச்சிட்டிருந்தும், அந்த நாணயம் பல ஆண்டுகள் கண்ணில் படவேயில்லை. பெரும்பகுதி 1918-ல் உருகியிருக்கும் என்று நம்பினார்கள். 1962-ல் அரசுக் கருவூலத்திலிருந்து அவை மூட்டை மூட்டையாக வெளிவந்தன. விலை சரிந்தது. அச்சிட்ட எண்ணிக்கையைப் பார்த்து அருமையை முடிவுசெய்வது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எஞ்சியது எவ்வளவு என்பதே கேள்வி.

எண்ணிக்கையே குறைவாக இருந்த நாணயமும் உண்டு: 1893 சான் பிரான்சிஸ்கோ, ஒரு லட்சம் மட்டும். போலி செய்வோர் வேறு நாணயத்தில் ‘எஸ்’ ஒட்டுவார்கள். அசலில், முன்புறத்துப் பெண்ணின் தலைப்பட்டையில் உள்ள ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்தின் உச்சியில் சாய்வாக ஒரு நுண்கோடு தெரியும். அச்சுக்கட்டையில் விழுந்த கீறல் அது. குறையே இங்கே அடையாளம். நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. 1911 ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். அந்த ஓராண்டு ரூபாயைச் சேகரிப்போர் இன்றும் தேடுகிறார்கள்.

உருக்கிய டாலர்களுக்கு ஈடுசெய்ய 1921-ல் 8 கோடியே 67 லட்சம் மார்கன் டாலர்கள் மறுபடியும் அச்சாயின. மார்கன் டாலர்களில் அந்த ஆண்டுதான் இன்று எளிதில் கிடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதே கதை திரும்பியது. 1940-ல் ரூபாயில் வெள்ளி பாதிப் பங்காகக் குறைந்தது; பழைய தரத்தில் கடைசியாக வந்த 1939 ரூபாய் அரிதாகிப்போனது. அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய சுமார் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைத் திருப்பித்தர, 1947-ல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது. பாதி வெள்ளி ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள்.

மாலையை மடித்துக் கொடுத்தபோது அத்தை கேட்டார்: “இத உருக்கிப் பேத்திக்குக் கொலுசு போட்டா என்னப்பா?” ஏழு காசுகளின் ஆண்டையும் அச்சகக் குறியையும் நோட்டில் எழுதிக்கொள்ளும்வரை பொறுக்கச் சொன்னேன். எழுதி முடித்தபின், “வேண்டாம் அத்தை” என்றேன்.