வைரஸ் தொடர்புடைய புற்றுநோய்கள்: பதிவேட்டுக் கணக்கீடு

ஒரு மக்கள்தொகையில் வைரஸ் தொற்றால் விளையும் புற்றுநோய்களின் அளவைப் புற்றுநோய்ப் பதிவேடுகளைக் கொண்டு மதிப்பிடும் முறை. பதிவேட்டில் கட்டி தோன்றிய உறுப்பு, திசு வகை, நோயாளியின் வயது, பாலினம் ஆகியவை இருக்கும். கட்டியில் வைரஸ் இருந்ததா என்பது பெரும்பாலும் இராது. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

அமெரிக்காவில் மனித பாப்பிலோமா வைரஸுக்கு (எச்.பி.வி.) இரு படிகளில் கணக்கிடுகிறார்கள். முதலில், அந்த வைரஸ் அடிக்கடி காணப்படும் இடங்களின் புற்றுகளை எண்ணுவர்: கருப்பை வாயில் எல்லாக் கார்சினோமாக்களும், தொண்டை, ஆசனவாய் முதலியவற்றில் செதிள் செல் வகை மட்டும். பிறகு, சேமித்த திசுக்களில் வைரஸின் மரபணுவைத் தேடிய தனி ஆய்வு தந்த விகிதத்தால் அதைப் பெருக்குவர். கருப்பை வாய்க்கு இது சுமார் 91 விழுக்காடு, தொண்டைக்கு 70. 2012–2016 காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக இத்தகைய 43,999 புற்றுகள் பதிவாயின. அவற்றுள் 34,800 வைரஸால் விளைந்தவை என மதிப்பிடப்பட்டது. முதல் எண்ணையே வைரஸின் கணக்கில் எழுதுவது மிகை.

விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். புகையிலைப் பழக்கம் மிகுந்த இந்தியாவில் தொண்டைப் புற்றில் வைரஸின் பங்கு குறைவு. அமெரிக்க விகிதம் இங்கே பொருந்தாது.

கருப்பை நீக்கப்பட்ட பெண்களையும் மக்கள்தொகையில் சேர்த்தால், கருப்பை வாய்ப் புற்றின் வீதம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் செல்வதால், எச்.பி.வி. தடுப்பூசியின் பலன் பதிவேட்டில் தாமதமாகவே தெரியவரும்.